இன்ஜினியரிங்கா, பி.எஸ்ஸி.யா: அழகப்பபுரத்தில் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அக்கா போன் செய்தாள். "தம்பி, என்ன படிக்கிறதுன்னே தெரியலங்கிறா இவ. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ." அக்கா வீடு புதுவயலில். மச்சான் அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறார். நான் காரைக்குடியில் கணக்கு டியூஷன் எடுப்பவன். எங்கள் பக்கத்தில் டிகிரி முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் காலேஜ் என்ற பேச்சு எடுத்தாலே என் தலையில் வந்துதான் விடியும்.

அக்கா மகள் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணிதம் 92, இயற்பியல் 90, வேதியியல் 88, கணினி அறிவியல் 94. பொறியியல் கட் ஆஃப் போட்டுப் பார்த்தால் கணிதம் அப்படியே 92, மற்ற இரண்டும் பாதிப் பாதி, 45-உம் 44-உம். மொத்தம் 200-க்கு 181. கலைக் கல்லூரிக்கு இந்தக் கணக்கு கிடையாது. நான்கு பாடத்தையும் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள். அதில் 364. இரண்டுமே நல்ல மார்க். நல்ல மார்க் வந்ததுதான் தொல்லை. கம்மியாக வந்திருந்தால் கதவு ஒன்று தானாகச் சாத்தியிருக்கும்.

"மாமா, எனக்கு இன்ஜினியரிங் பிடிக்காதுன்னு இல்ல. பிடிக்கும்னும் சொல்ல வரல."

இதைவிட நேர்மையான பதிலை என் டியூஷனில் பதினைந்து வருஷத்தில் நான் கேட்டதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் "சி.எஸ்.இ. சார்", அதாவது கம்ப்யூட்டர் சயன்ஸ், என்று மனப்பாடமாகச் சொல்லும்.

அவள் முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. கல்லூரி தன்னாட்சி, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. இன்னொன்று, அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல். பட்டம் அழகப்பா பல்கலைக்கழகத்துடையது. பல்கலைக்கழகம் இரண்டு என்றாலும் இடம் ஒன்றுதான், காரைக்குடி அழகப்பபுரம். புதுவயலிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் விதை போட்டவரும் ஒருவரே. 1909-ல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் கலைக் கல்லூரியையும் 1952-ல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதுதான் நாம் சிக்ரி என்கிறோமே, அது இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவருடைய சொந்தப் படிப்பைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். எம்.ஏ. ஆங்கில இலக்கியம். அப்புறம் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. கூடவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். நடத்தியதோ பஞ்சாலையும் விமானக் கம்பெனியும். இன்ஜினியரிங் கல்லூரி கட்டியவர் இன்ஜினியரிங் படிக்கவில்லை. இதை அவளிடம் சொன்னேன். "அவர்கிட்ட காசு இருந்துச்சு மாமா" என்றாள். வாஸ்தவம்தான். காசு இருப்பவன் குழம்பலாம், மாறலாம், திரும்பி வரலாம். நம்மைப் போன்றவர்கள் மாறுவதற்கு என்ன செலவு என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நான் இந்த ஒப்பீட்டை அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

ஒன்றை முதலில் உடைத்துவிடுகிறேன். "முதல்ல சேரட்டும், பிடிக்கலேன்னா உள்ளேயே மாத்திக்கலாம்" என்று சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்களில் முதல் வருஷம் பொதுவாகப் படித்துவிட்டு அப்புறம் துறையை முடிவு செய்யலாம். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இங்கே கலந்தாய்வில் சீட்டே பிரிவோடு ஒட்டித்தான் வருகிறது. சிவில் எடுத்தால் சிவில், இ.சி.இ. எடுத்தால் இ.சி.இ. பெரும்பாலும் கடைசி வரை அதுதான். ஒரே வளாகத்தில் பத்துத் துறை இருக்கிறது என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. ஆகவே தீர்மானம் இல்லாத பிள்ளைக்கு "பெரிய பல்கலைக்கழகம்" என்பது அவ்வளவு பெரிய ஆறுதல் இல்லை.

சரி, உள்ளே என்ன படிக்கிறார்கள்?

பி.இ. முதல் வருஷம் எந்தப் பிரிவு எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரல், வரைபடம், ஒர்க்‌ஷாப். தமிழர் மரபு என்று ஒரு பாடமும் உண்டு. பிளஸ் டூவின் நீட்சி மாதிரி தெரியும், ஆனால் வேகம் வேறு. என்னிடம் அரியர் எழுத வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்தவர்கள். அதிலும் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள். கணக்குத் தெரியாமல் விழுவதில்லை. "எவாலுவேட்" என்றால் என்ன செய்யச் சொல்கிறான், "ஷோ தட்" என்றால் என்ன செய்யச் சொல்கிறான் என்று புரியாமல் விழுகிறார்கள். இரண்டு மாதம் பழகினால் சரியாகிவிடும். அந்த இரண்டு மாதத்தில் முதல் இன்டர்னல் முடிந்துவிடும் என்பதுதான் சங்கடம்.

ஒர்க்‌ஷாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதையே அங்கேதான் திரும்பியது. ஃபிட்டிங் என்று ஒரு சதுர இரும்புத் தகடு கொடுப்பார்கள். அரத்தால் ராவி ராவி நான்கு ஓரத்தையும் நேராக்க வேண்டும். ஓரத்தில் மட்டப்பலகை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார் மாஸ்டர். நடுவில் வெளிச்சம் கசிந்தால் போச்சு, மறுபடி ராவு. என் பக்கத்தில் நின்ற பையன் மூன்று மணி நேரம் ராவிவிட்டு, வெளிச்சம் கசியாத தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எனக்கோ மட்டப்பலகை ஏன் மட்டமாக இருக்கிறது, அதை எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதிலேயே புத்தி நின்றது. தகடு கோணலாகவே இருந்தது. அவன் இன்ஜினியர் ஆனான். நான் கணக்கு வாத்தியார்.

பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வருஷம் தமிழ், ஆங்கிலம், இயற்பியல், கூடவே துணைப் பாடமாகக் கணிதம். லேப் உண்டு. திருகு அளவி, ஸ்பெக்ட்ரோமீட்டர், அப்புறம் மீட்டர் ஸ்கேலை வளைத்து யங் குணகம் கண்டுபிடிப்பது. வேகம் நிதானம். மாலையில் நேரம் மிஞ்சும். அந்த நேரத்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பி.எஸ்ஸி. படித்த இரண்டு பேரின் வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது என்பது என் அனுபவம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மூன்று வருஷத்தைக் கைபேசியோடு கழித்தவர்களும் இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் யாராவது விரட்டிக்கொண்டே இருப்பார்கள். இங்கே நம்மை நாமே விரட்ட வேண்டும்.

மிஞ்சுகிற நேரத்துக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் டேட்டா சயன்ஸில் இணையவழிப் பட்டம் நடத்துகிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு ஒன்றைத் தாண்டினால் உள்ளே போகலாம்; சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று நடுவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளவும் செய்யலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. நேரில் ஒன்று, இணையத்தில் ஒன்று. தீர்மானம் வராத பிள்ளைக்கு இது பரீட்சித்துப் பார்க்கிற இடம். பி.இ. படித்துக்கொண்டும் செய்யலாம் என்பார்கள். செய்தவர்களும் உண்டு. ஆனால் ராத்தூக்கம் போய்விடும்.

இனி மாறுவதற்கு ஆகும் செலவு.

பி.எஸ்ஸி. சேர்ந்து, மூன்று வருஷம் கழித்து "இன்ஜினியரிங்தான் வேண்டும்" என்று தோன்றினால் சட்டப்படியே ஒரு கதவு திறந்திருக்கிறது. கணிதத்தை ஒரு பாடமாகப் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் சேருகிற அதே கலந்தாய்வுதான். வேடிக்கை என்னவென்றால், மாநிலம் முழுமைக்குமான இந்தக் கலந்தாய்வைப் பல வருஷம் நடத்தியதே காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரிதான். எல்லா ஊர்க்காரர்களும் பஸ் பிடித்து இங்கே வந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதில் மொத்தம் ஆறு வருஷம் ஆகும். நேராகப் பி.இ. சேர்ந்தவரைவிட இரண்டு வருஷம் கூடுதல். ஆனால் கையில் இரண்டு பட்டம்.

பி.இ. சேர்ந்து நடுவில் விட்டால் அப்படி ஒரு கதவு கிடையாது. பி.எஸ்ஸி. முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருஷம் போனால் போனதுதான், கட்டிய பணத்தோடு.

ஆனால் பி.இ.யை முடித்துவிட்டால் கதை தலைகீழ். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., வங்கி, எம்.பி.ஏ. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், அது பி.இ.யாக இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பி.எட். படித்து ஆசிரியர் ஆகவும் விதியில் இடம் இருக்கிறது. வளாகத் தேர்வுக்கு வருகிற கம்பெனிகள் முதலில் போவதும் பொறியியல் கல்லூரிக்குத்தான்; இதில் ஒப்பீடே தேவையில்லை.

ஆக, பி.எஸ்ஸி. சேர்ந்து மனம் மாறினால் நஷ்டம் குறைவு. பி.இ.யில் முடித்தபின் மனம் மாறினால் நஷ்டம் குறைவு. இவள் எந்த ரகம்? பிடிக்காததையும் பல்லைக் கடித்து முடிக்கிறவளா, பிடிக்காவிட்டால் மூன்றாம் மாதமே அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறவளா? அதை அக்காவிடம்தான் கேட்டேன். "ஹிந்தி கிளாஸ்ல சேத்துவிட்டேன், பிடிக்கலன்னு சொல்லிச் சொல்லியே மூணு பரீட்சை எழுதிட்டா" என்றாள். இந்த ஒரு பதில் எனக்குப் பல புள்ளிவிவரங்களைவிட உதவியது.

பணத்தை எடுத்தால், அரசு கலைக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அரசு பொறியியல் கல்லூரியில் அதைவிடக் கூடுதல் என்றாலும் தனியாரைப் போல லட்சத்தில் போகாது. அக்கா வீட்டில் அவள்தான் மூத்தவள், அதனால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கும். பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் இவர்களில் பட்டதாரி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தாய்மாமன் கணக்கில் வரமாட்டான், தப்பித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில். அந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றியதை நினைத்து அக்கா இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள். தமிழ் வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் உண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பதால் ஹாஸ்டல் செலவும் இல்லை. இப்படிப் பார்த்தால் பணம் இங்கே முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் காரைக்குடி அரசுக் கல்லூரியில் சீட் கிடைக்காமல், நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் கிடைத்தால்? அப்போது எல்லாம் மாறிவிடும்.

இங்கேதான் என் தராசு சாய்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-ல் நான் சேர்ந்தது அப்படி ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். தகடு ராவிய அந்த வருஷக் கடைசியில் எனக்கு இது ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. டி.சி. கேட்டால், மிச்சம் மூன்று வருஷ ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழ் எல்லாம் அவர்கள் பீரோவில். அப்பா ஆறு தடவை நடந்தார். கடைசியில் அம்மா சங்கிலியை அடகு வைத்து, பேரம் பேசி, ஒரு வருஷ ஃபீஸ் கூடுதலாகக் கட்டி வாங்கினோம். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது, குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. விதி இருப்பது வேறு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்பது வேறு. அந்தச் சங்கிலியை மீட்கவே இல்லை.

அதனால் கலந்தாய்வில் சாய்ஸ் நிரப்பும்போது நான் கறாராக இருந்தேன். பலர் கடை வைத்து, நூறு இருநூறு கல்லூரி என்று நிரப்பித் தருகிறார்கள். வரிசையில் கடைசியாகப் போட்டது கிடைத்தாலும் வீட்டில் "சீட் வந்துருச்சே, விடக்கூடாது" என்று ஒரு மயக்கம் வந்துவிடும். நாம் போகமாட்டோம் என்று நினைக்கிற கல்லூரியை எதற்குப் பட்டியலில் போட வேண்டும்? கிடைத்ததை ஒப்புக்கொண்டு, மேலே போட்டது காலியானால் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு வசதி இருக்கிறது. அது நல்ல வசதி. ஆனால் கீழே போட்டதும் நாம் மனசாரப் போகக்கூடியதாக இருந்தால்தான் அதில் அர்த்தம்.

தேதிகளும் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றன. கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் முடிந்துவிடும். பொறியியல் ஒதுக்கீடு வருவது அதற்கும் பிந்தி. இடையில் சில வாரம் கிடைக்கிறது. கலைக் கல்லூரியில் சேர்ந்து, வகுப்பில் உட்கார்ந்து, இயற்பியல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பொறியியல் வந்தால் மாறலாம். அந்தச் சில ஆயிரம் போனாலும் போகட்டும். ஒரு பிள்ளையின் சீட்டைச் சில வாரம் அடைத்து வைத்தது போல ஆகாதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. விலகுவது முடிவானால் அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றேன்.

சிக்ரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. பேட்டரி, அரிமானம், மின்முலாம் என்று ஆராய்ச்சி நடக்கிற கூரைக்குக் கீழேயே படிப்பு. அறிவியலும் பொறியியலும் பாதிப் பாதியாகப் பிடிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் சீமையில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அவளுக்கு வேதியியல் என்றால் வேப்பங்காய். 88 எப்படி வந்தது என்பது அவளுக்கே புரியவில்லை.

பேசி முடித்து, மச்சானுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனோம். அங்கே அரிசியைக் கலர் பார்த்துப் பிரிக்கிற மிஷின் இருக்கிறது, சார்ட்டெக்ஸ் என்பார்கள். மேலேயிருந்து அரிசி அருவி மாதிரி விழும். விழுகிற வேகத்திலேயே கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருப்பு, பழுப்பு என்று ஒன்று தெரிந்தால் 'டிக்' என்று காற்று அடித்து அதை மட்டும் தனியே தள்ளிவிடும். அதற்குப் பக்கத்தில் நின்றால் டிக்டிக்டிக் என்று தையல் மிஷின் ஓடுவது மாதிரி சத்தம். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டாள்.

"மாமா, வெள்ளை அரிசி மேல நிழல் விழுந்தா அதுவும் கருப்பாத்தானே தெரியும்? அதை ஏன் தள்ளல?"

எனக்கு அது இயற்பியல் கேள்வியாகப் பட்டது. நல்லது, பி.எஸ்ஸி.தான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். ஆபரேட்டர் அண்ணன் வந்து, இரண்டு பக்கமும் விளக்குப் போட்டிருப்பதைக் காட்டினார். அவள் அதோடு விடவில்லை. "கேமரா பாக்குற இடத்துக்கும் காத்து அடிக்கிற இடத்துக்கும் நடுவுல அரிசி விழுறதுக்கு நேரம் ஆகுமே அண்ணே, அதை எப்படி செட் பண்ணுவீங்க? காத்து லேட்டா அடிச்சா?" அவர் பேனலில் ஒரு எண்ணைக் கூட்டினார். நல்ல அரிசி கழிவுப் பக்கம் கொட்டியது. குறைத்தார், கருப்பு அரிசி நல்லதோடு போனது. "நான் ஒரு தடவை வைக்கட்டா?" என்றாள். பதினைந்து நிமிஷம் அந்த எண்ணோடு மல்லுக்கட்டினாள். மச்சான் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பட்டியலில் காரைக்குடிக் கல்லூரி மட்டும்தான். முதலில் இ.சி.இ. என்கிற எலெக்ட்ரானிக்ஸ், அடுத்து இ.இ.இ. என்கிற எலெக்ட்ரிக்கல், மூன்றாவது மெக்கானிக்கல். நான்காவதாக எதுவும் இல்லை. அந்த மூன்றில் ஒன்று வந்தால் போகிறாள், வராவிட்டால் இயற்பியல். 181-க்கு எது வரும் என்று என்னைக் கேட்டால், இந்த வருஷப் போட்டியைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன். இப்போதைக்குக் கலைக் கல்லூரியில் பணம் கட்டியாகிவிட்டது. அக்கா ரெக்கார்டு நோட்டு வாங்கப் போனவள் கடையில் நின்று போன் செய்தாள்: "தம்பி, இன்ஜினியரிங் கிடைச்சா இந்த நோட்டு அங்கயும் ஆகுமா?" ஒன்றே ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.